15 வருடம் நின்ற பைக்: கிக்கரில் கால் வைப்பதற்கு முன்னால்

கேள்வி இது: 15 வருடமாக ஒரு மூலையில் நின்ற பழைய சிங்கிள் சிலிண்டர் பைக். பாயின்ட் இக்னிஷன் (திறந்து மூடும் உலோக முனைகளால் ஸ்பார்க் தரும் பழைய முறை), ஸ்லைடு கார்புரேட்டர். கிக்கர் பாதியில் நின்றுவிடுகிறது. எஞ்சினை முழுசாகப் பிரிக்காமல் வீட்டிலேயே ஓட வைக்க முடியுமா, எங்கே தொடங்குவது?

பெரும்பாலும் முடியும். ஆனால் இன்றைக்குக் கிக்கரை உதைக்க வேண்டாம். ஒட்டிப்போன பிஸ்டன் மீது ஆள் எடையை இறக்கினால் முதலில் போவது கிக்கர் ஷாஃப்ட் பல். அது தாங்கிப் பிஸ்டன் நகர்ந்துவிட்டாலோ இன்னும் மோசம்: துருவேறிய போரில் (சிலிண்டரின் உட்சுவரில்) ரிங் கீறிக்கொண்டே ஏறி உடையும், காய்ந்து கிடக்கும் பிக் எண்ட் பேரிங் (கனெக்டிங் ராடின் கீழ் முனையில் இருப்பது) எண்ணெயில்லாமல் உரசும். கையால் சுற்ற வராத எஞ்சினைக் காலால் சுற்றக் கூடாது.

பிளக்கைக் கழற்றுங்கள். அதற்கு முன் பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணைப் பிரஷ்ஷால் தட்டி ஊதிவிட வேண்டும், இல்லையென்றால் அது நேராகச் சிலிண்டருக்குள் விழும். பிளக் இறுகியிருந்தால் துருநீக்கி எண்ணெய் சில சொட்டு விட்டு ஓர் இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் முதலில் ஒரு நூலிழை இறுக்கும் பக்கம் திருப்பி, பிறகு தளர்த்துங்கள். எந்தத் துருப்பிடித்த போல்ட்டுக்கும் இதே முறைதான்; இறுக்கும் திசையில் அந்தச் சிறு அசைவு துருவின் பிடியை உடைத்துவிடும்.

இப்போது வண்டியை டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். சக்கரத்தோடு எஞ்சினும் சுற்றினால் பிஸ்டன் சுதந்திரமாகத்தான் இருக்கிறது, கோளாறு கிக்கர் ராட்செட்டிலோ அதன் ஸ்பிரிங்கிலோ. சக்கரம் கல்லாக நின்றால் பிஸ்டன் பிடித்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

பிளக் துளை வழியாக ஒரு சிறு டார்ச்சை அடித்துப் போரைப் பாருங்கள். மெல்லிய பழுப்புப் படலம் மட்டும் என்றால் நம்பிக்கை உண்டு. செதில் செதிலாகத் துருவும் குழிகளும் தெரிந்தால் பேரலை (சிலிண்டர் பிளாக்கை) கழற்றியே ஆக வேண்டும். மேலே எதைச் செய்தாலும் அந்தப் போர் ரிங்கைத் தின்றுவிடும்.

ஊற வைக்க டீசலோ, துருநீக்கி எண்ணெயோ, ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்த கலவையோ போதும். கலவை என்றால் ஊற்றும் முன் நன்றாகக் குலுக்க வேண்டும், இரண்டும் சீக்கிரம் பிரிந்துவிடும். அசிட்டோன் பெயின்ட்டைக் கரைக்கும், எளிதில் தீப்பற்றும். டேங்க்கை முன்னாலேயே கழற்றி வைத்துவிடுங்கள். 20 முதல் 30 மில்லி ஊற்றி, வண்டியை இடமும் வலமும் சாய்த்தால் பிஸ்டன் விளிம்பு முழுக்கப் பரவும். தினமும் பார்த்து, இறங்கியிருந்தால் இன்னும் கொஞ்சம் விடுங்கள். மூன்றாம் நாள் முதல் பின் சக்கரத்தைப் பிடித்து மென்மையாக ஆட்டத் தொடங்கலாம். 1 மில்லிமீட்டர் அசைந்தால் அதுவே வெற்றி. உடனே முழுச் சுற்று சுற்றிவிடாமல், அசைந்த தூரத்துக்குள்ளேயே முன்னும் பின்னும் கொண்டுபோய், எண்ணெய் விட்டு, மெல்ல மெல்லத் தூரத்தைக் கூட்டுங்கள்.

ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் இந்த இடத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. பிஸ்டன் விட்டாலும் வால்வு அதன் கைடில் (தண்டு ஏறி இறங்கும் குழாயில்) துருப்பிடித்துத் திறந்தபடியே நின்றிருக்கலாம். அந்த நிலையில் எஞ்சினைச் சுற்றினால் சில எஞ்சின்களில் பிஸ்டன் வால்வில் மோதி வால்வுத் தண்டு வளையும். வால்வை அழுத்தும் கரமான ராக்கரின் கவரைக் கழற்றி வைத்துக்கொண்டே சுற்றுங்கள். ராக்கர் மேலெழும்போது வால்வும் கூடவே மேலே வருகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். ராக்கருக்கும் வால்வு நுனிக்கும் நடுவே திடீரென்று பெரிய இடைவெளி விழுந்தால் வால்வு சிக்கியிருக்கிறது. கைடு வாயில் எண்ணெய் விட்டு, மரக்கட்டை வைத்துச் சிறு தட்டுத் தட்டி விடுவிக்கலாம்.

ஒரு வாரம் ஊறியும் அசையவில்லையா? ஹெட்டைக் கழற்றி, போர் அளவுக்கு அறுத்த கெட்டி மரக்கட்டையைப் பிஸ்டன் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டுங்கள். பிளக் துளை வழியாக இரும்புக் கம்பியை விட்டு அடிப்பது பிஸ்டனை ஓட்டையாக்குவதில்தான் முடியும். பேரலை வெந்நீர் ஊற்றியோ ஹீட் கன் காட்டியோ சூடாக்குவது உதவும். ஆனால் ஊற்றிய எண்ணெயும் அசிட்டோனும் முழுக்க வற்றிய பிறகே சூடு காட்ட வேண்டும்.

எஞ்சின் சுற்றத் தொடங்கியதும் எண்ணெய். ஃபோர் ஸ்ட்ரோக்கில் பழைய ஆயிலை வடித்து, ஸ்ட்ரெய்னர் வலையைக் கழற்றிப் பாருங்கள். அதில் ஒட்டியிருப்பது காந்தத்தில் பிடிக்கும் தூளா, பளபளக்கும் அலுமினியமா, வெண்கல மினுக்கா என்பதை வைத்து உள்ளே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். டிரை சம்ப் எஞ்சின்களில் (ஆயில் தனி டேங்க்கில் இருக்கும் வகை) நின்றிருந்த காலத்தில் டேங்க் ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க்கேஸுக்குள் இறங்கியிருக்கும். கிராங்க்கேஸ் டிரெய்ன் போல்ட்டையும் கழற்ற மறக்காதீர்கள். புது ஆயில் ஊற்றி, பிளக் இல்லாமல் 30, 40 தடவை கிக்கரை மெதுவாக அழுத்தி, ராக்கருக்குப் போகும் குழாய் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தி, அங்கே ஆயில் வருகிறதா என்று உறுதிசெய்யுங்கள். வராமல் எஞ்சினைக் கிளப்பக் கூடாது. டூ ஸ்ட்ரோக் என்றால் பிளக் துளையிலும் இன்டேக் வழியாகவும் 2டி ஆயில் 5 மில்லி வீதம் விட்டு நிதானமாகச் சுற்றினால் போதும்.

அடுத்தது கரண்ட். ஒயரிங்கில் எலி கடித்த இடம், பழைய கைகள் போட்ட முடிச்சு எல்லாம் இருக்கும். பேட்டரியை நேராக இணைக்காமல், அதே வோல்ட் உள்ள ஒரு ஹெட்லைட் பல்பைத் தொடரில் போட்டு இணையுங்கள். சாவி அணைந்திருக்கும்போதே பல்பு முழுப் பிரகாசத்தில் எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. ஒயர் எரியாமல் தேட அவகாசம் கிடைக்கும். இன்னொன்று: பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். பழக்கத்தில் நெகட்டிவை ஃபிரேமில் கொடுத்தால் ரெக்டிஃபையர் அந்த நொடியே போய்விடும். வண்டியின் ஒயரிங் படத்தைப் பார்க்காமல் பேட்டரி இணைக்க வேண்டாம். பேட்டரி லைனில் 15 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று போட்டு வையுங்கள். பழைய வண்டிகள் சிலவற்றில் ஃபியூஸே இருக்காது.

பாயின்ட்டுக்கு வருவோம். நின்ற வண்டியில் ஸ்பார்க் வராததற்கு முதல் காரணம் பாயின்ட் முகத்தில் படிந்த ஆக்சைடு. மெல்லிய பாயின்ட் அரத்தால் இரண்டு இழுப்பு, பிறகு ஆல்கஹாலில் நனைத்த விசிட்டிங் கார்டை மூடிய பாயின்ட் நடுவே இழுத்தால் அழுக்கு கறுப்பாக வந்துவிடும். எமரி தாள் வேண்டாம், அதன் துகள் முகத்தில் புதைந்து மறுபடியும் கரண்டைத் தடுக்கும். இடைவெளி பெரும்பாலான வண்டிகளில் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், பாயின்ட் முழுக்கத் திறந்த நிலையில் ஃபீலர் கேஜால் அளந்தது. கேமைத் துடைக்கும் ஃபெல்ட் காய்ந்திருந்தால் சிறிது கிரீஸ் வையுங்கள். காய்ந்த கேமில் பாயின்ட்டின் ஃபைபர் குதிகால் வேகமாகத் தேயும். குதிகால் தேய்ந்தால் இடைவெளி சுருங்கும். இடைவெளி சுருங்கினால் பாயின்ட் தாமதமாகத் திறந்து டைமிங் (ஸ்பார்க் அடிக்கும் நேரம்) பின்தங்கும். 'போன மாசம் நல்லா இழுத்தது, இப்ப சூடாகுது' என்ற புகாருக்குப் பின்னால் பல தடவை இருப்பது இந்த ஒரு துளி கிரீஸ் இல்லாததுதான்.

இதனால்தான் முதலில் இடைவெளி, பிறகுதான் டைமிங். வரிசை மாறினால் செய்த டைமிங் வீண். பேட்டரி காயில் உள்ள வண்டியில் ஒரு சின்ன பல்பை பாயின்ட் முனைக்கும் எர்த்துக்கும் நடுவே கொடுத்து, சாவியைப் போடுங்கள். பாயின்ட் மூடியிருக்கும்போது பல்பு அணைந்திருக்கும், திறக்கும் கணத்தில் எரியும். பிளக் துளையில் டயல் கேஜை வைத்து, பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து பூஜ்யமாக்குங்கள். கொஞ்சம் பின்னுக்குச் சுற்றி, ஓடும் திசையிலேயே முன்னோக்கிக் கொண்டுவந்து, பல்பு எரியும் இடத்தில் கேஜ் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். பின்னோக்கிச் சுற்றும்போது அளந்தால் கியர், செயின் தளர்வெல்லாம் அளவில் சேர்ந்துவிடும். அளவு வண்டிக்கு வண்டி மாறும். ராயல் என்ஃபீல்டு புல்லட் 350-க்கு உச்சிக்கு முன் சுமார் 0.8 மில்லிமீட்டர், அதுவும் ஆட்டோ அட்வான்ஸ் (எஞ்சின் வேகத்துக்கேற்ப டைமிங்கை முன்தள்ளும் அமைப்பு) சுருங்கி உட்கார்ந்த நிலையில். யமஹா ஆர்டி 350-க்கு 2.0 மில்லிமீட்டர், அதில் ஆட்டோ அட்வான்ஸே கிடையாது, இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனியாக வைக்க வேண்டும். மேக்னெட்டோ வண்டியில் (பேட்டரி இல்லாமல் காந்தத்தால் ஸ்பார்க் வரும் வகை) பல்பு வேலை செய்யாது, அங்கே பாயின்ட் நடுவே மெல்லிய சிகரெட் தாளை வைத்து, தாள் விடும் இடத்தைக் குறிப்பார்கள்.

பாயின்ட்டில் பொறி பறப்பதை அடக்கும் கண்டென்சர் கெட்டால் பாயின்ட்டிலேயே தெரியும். ஓடும்போது பாயின்ட் நடுவே சின்ன நீலப் புள்ளி சரி. மஞ்சளாகப் பளிச்சென்று தீப்பொறி அடித்து முகம் கருகினால் கண்டென்சரை மாற்றுங்கள். மல்டிமீட்டரில் 0.2 மைக்ரோஃபாரட் காட்டியது என்று நம்ப முடியாது, சூட்டில் கசியும் கண்டென்சர் குளிரில் சரியாகத்தான் காட்டும். பழைய ஸ்டாக்கில் கிடந்த கண்டென்சரைவிட 0.22 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் ஃபிலிம் கெபாசிட்டர் ஒன்றை எஞ்சின் சூடு படாத இடத்தில், காயிலுக்கு அருகே பொருத்துவது நீடித்து உழைக்கும். ஸ்பார்க் சோதனையிலும் ஏமாறாதீர்கள். 0.6 மில்லிமீட்டர் பிளக் இடைவெளியில் வெளிக்காற்றில் வரும் ஸ்பார்க் எதையும் நிரூபிக்காது. உள்ளே அழுத்தத்தில் அதற்கு இன்னும் அதிக வோல்ட் வேண்டும். 5, 6 மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டிப் பாய்ந்தால்தான் காயில் நலம். சோதிக்கும்போது பிளக்கைத் துளையிலிருந்து தள்ளி வையுங்கள், சிலிண்டரில் ஊற வைத்த ஆவி தீப்பற்றும்.

இனி பெட்ரோல் பக்கம். டேங்க்கில் மிச்சமிருப்பதை வடித்து, பெட்ரோல் டேப்பை (காக்) கழற்றி, துளையை அடைத்துவிடுங்கள். ஒரு கைப்பிடி நட்டுகளையோ சிறு சங்கிலியையோ கொஞ்சம் சோப்பு நீரோடு போட்டு நன்றாகக் குலுக்கினால் தளர்ந்த துரு வந்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கு போன பிறகு, லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்த வெதுவெதுப்பான நீரை நிரப்பி 12 மணி நேரம் வையுங்கள். வடித்ததும் சமையல் சோடா கரைசலால் அலசி ஆசிடை முறிக்க வேண்டும். அதன் பிறகு கைவேகம் தேவை: ஆசிட் பட்ட வெறும் இரும்பு சில நிமிடங்களிலேயே மறுபடி ஆரஞ்சு பூக்கும். உடனே வெப்பக்காற்றால் உலர்த்தி, 2டி ஆயில் கலந்த சிறிது பெட்ரோலை ஊற்றி எல்லாச் சுவரிலும் படும்படி உருட்டுங்கள். டேங்க்கில் வெல்டிங் வேலை இருந்தால் வீட்டில் வேண்டாம். காலி டேங்க்கில் நிற்கும் பெட்ரோல் ஆவி, நிறைந்த டேங்க்கைவிட ஆபத்தானது. மூடியில் உள்ள காற்றுத் துளையையும் ஊதிப் பாருங்கள். அது அடைத்திருந்தால் வண்டி பத்து நிமிடம் ஓடி நிற்கும், மூடியைத் திறந்தால் 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே போகும், மறுபடி கிளம்பும்.

கார்புரேட்டரைப் பிரிக்கும்போது மிக்சர் ஸ்க்ரூவை உள்ளே முழுக்க இறுக்கும்வரை எத்தனை சுற்று வந்தது என்று எண்ணிக் குறித்துக்கொண்டு, பிறகு கழற்றுங்கள். இறுக்கும்போது மென்மை வேண்டும், ஊசி முனை பித்தளைச் சீட்டைச் சிதைத்துவிடும். நின்ற வண்டியில் அடைவது கிட்டத்தட்ட எப்போதும் ஐடிலுக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட்தான். அதன் துளை தலைமுடி அளவு. பெட்ரோல் வற்றி விட்டுப்போன பச்சையும் பழுப்புமான பிசின் அதற்குள் கண்ணாடி போல உறைந்திருக்கும். வெளியே பளபளவென்று தேய்த்துவிட்டுச் சுத்தமாகிவிட்டது என்று மாட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. ஜெட்டைக் கிளீனரில் ஊற வைத்து, மெல்லிய ஒயரிலிருந்து பிரித்த ஒற்றைச் செப்பு இழையை விட்டு, ஊதி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். முழு வட்டமாக ஒளி தெரிய வேண்டும், பிறையாகத் தெரிந்தால் இன்னும் பிசின் இருக்கிறது. ஊசியோ எஃகுக் கம்பியோ விட்டால் துளை பெரிதாகி, அந்த ஜெட்டின் எண்ணுக்கே அர்த்தம் இல்லாமல் போகும். கார்புரேட்டர் உடம்பிலும் பைலட் வழி ஒன்று ஸ்லைடுக்குக் கீழே போகிறது. ஸ்ப்ரேயை ஒரு துளையில் அடித்தால் மறு துளையில் பீறிட வேண்டும்.

பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டுங்கள். உள்ளே பெட்ரோல் குலுங்கினால் ஓட்டை, வெந்நீரில் முக்கினால் குமிழி வரும் இடம் தெரியும். கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ஃபிளாஞ்சைக் கண்ணாடித் தட்டின் மேல் வைத்து ஆடுகிறதா என்று பாருங்கள். இரண்டு நட்டை வெறிகொண்டு இறுக்கியதால் வளைந்த ஃபிளாஞ்ச் பழைய அமால் கார்புரேட்டர் வகைகளில் சாதாரணம். கண்ணாடி மேல் 400 நம்பர் எமரி தாளை விரித்து, எட்டு வடிவில் தேய்த்துச் சமமாக்கலாம். மாட்டிய பிறகு ஸ்க்ரூவை குறித்த எண்ணுக்கோ, தெரியாவிட்டால் ஒன்றரைச் சுற்றுக்கோ வையுங்கள். ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றை அளக்கிறது, வெளியே திருப்பினால் பெட்ரோல் குறையும். எஞ்சின் பக்கம் இருந்தால் பெட்ரோலை அளக்கிறது, வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும். இந்த வித்தியாசம் தெரியாமல் திருப்பினால் நாள் முழுக்கத் திருப்பினாலும் ஐடில் நிற்காது.

டூ ஸ்ட்ரோக்காரர்களுக்குத் தனியாக ஒன்று: கிராங்க் ஆயில் சீல். காலத்தில் அதன் ரப்பர் கல்லாகிவிடும். அதன் வழியே காற்று புகுந்தால் கலவையில் பெட்ரோல் விகிதம் குறைந்து, பிஸ்டன் மிதமிஞ்சிச் சூடாகிப் பிடிக்கும் அல்லது ஓட்டையாகும். ஆக்சிலேட்டரை விட்டும் எஞ்சின் வேகம் இறங்காமல் தொங்குவது இதன் முதல் அடையாளம். கிளட்ச் பக்கச் சீல் போயிருந்தால் கியர் ஆயில் உள்ளே இழுக்கப்பட்டு, வெள்ளைப் புகை அடங்காமல் வரும், கியர் பாக்ஸில் அளவு குறைந்துகொண்டே போகும். சோதனை எளிது. இன்டேக்கையும் எக்ஸாஸ்ட்டையும் ரப்பர் வைத்து அடைத்து, பிஸ்டனைக் கீழே கொண்டுவந்து, கைப்பம்பால் 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றுங்கள். ஐந்தாறு நிமிடம் ஏறக்குறைய அப்படியே நிற்க வேண்டும். இறங்கினால் சோப்பு நுரை தடவித் தேடுங்கள். 10 பிஎஸ்ஐக்கு மேல் ஏற்றினால் நல்ல சீலே வெளியே வந்துவிடும். பல வருடம் நின்ற டூ ஸ்ட்ரோக்கில் சோதனையில் தேறினாலும் சீலை மாற்றிவிடுவதே என் கருத்து. ஒரு பிஸ்டனும் போரிங்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் சீல் ஒன்றுமில்லை.

திருகாணிகள் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, வீட்டுப் பட்டறையில் வண்டிக்கு அதிகச் சேதம் இங்கேதான். ஜப்பான் வண்டியின் பிளஸ் தலை ஸ்க்ரூ ஜேஐஎஸ் (ஜப்பானியத் தரநிலை) வகை. சாதாரண பிலிப்ஸ் திருப்புளி அதன் ஆழத்தில் உட்காராமல் எகிறித் தலையை மழுக்கும். ஜேஐஎஸ் முனையும், சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவரும் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிக்கு விட்வொர்த் ஸ்பேனர். அதில் எழுதியுள்ள அளவு போல்ட்டின் விட்டத்தைச் சொல்கிறது, தலையின் அகலத்தை அல்ல. அருகில் இருக்கும் மெட்ரிக் ஸ்பேனரை மாட்டினால் மூலை உருண்டுவிடும். அலுமினியத்தில் ஏறும் 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் போதும். மரை போய்விட்டால் ஹெலிகாயில் (கம்பிச் சுருளால் ஆன புது மரை) போடுங்கள், பழையதைவிட வலுவாகவே நிற்கும். மேக்னெட் வீலையும் கிளட்ச் ஹப்பையும் அதற்குரிய புல்லரால் மட்டுமே எடுக்க வேண்டும். சுத்தியலால் தட்டினால் கிராங்க் கோணிவிடும். வீல் நட்டைக் கழற்ற, பிளக் துளை வழியாக நைலான் கயிற்றை விட்டுப் பிஸ்டனை நிறுத்தும் முறை ஃபோர் ஸ்ட்ரோக்குக்குச் சரி. டூ ஸ்ட்ரோக்கில் கயிறு போர்ட்டில் சிக்கி வெட்டுப்படும்.

டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருந்தால் அது தயாரான வாரமும் வருடமும். மூன்று எண் என்றால் 2000-க்கு முந்தையது, யோசிக்காமல் மாற்றுங்கள். டிரம்மைத் திறக்கும்போது தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடைத்து, துணியைக் கட்டிப் போட்டுவிடுங்கள். கேபிள்கள் உள்ளே துருவேறியிருந்தால் எண்ணெய் விட்டுப் பிழைக்க வைக்காமல் புதிதாகப் போடுவதே நல்லது.

முதல் தடவை கிளப்புவது திறந்த இடத்தில், கையெட்டும் தூரத்தில் தீயணைப்பான் வைத்துக்கொண்டு. அடைத்த அறையில் புகை உயிரைக் குடிக்கும். டேங்க்கை மாட்டாமல், சிறு பாட்டிலில் 200 மில்லி பெட்ரோலைத் தொங்கவிட்டு இணைத்தால் ஏதாவது கசிந்தாலும் இழப்பு குறைவு. ஆயில் கலந்து ஊற்றும் டூ ஸ்ட்ரோக்குக்கு முதல் டேங்க் 4 சதவீதம், அதாவது லிட்டருக்கு 40 மில்லி. கிளம்பவில்லை என்றால் ஒரே நேரத்தில் ஜெட், டைமிங், பிளக் மூன்றையும் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்று, உதை, பார், குறித்துக்கொள். அப்போதுதான் எது காரணம் என்று தெரியும். பத்து உதைக்குப் பிறகு பிளக்கைக் கழற்றுங்கள்: காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை, நனைந்திருந்தால் ஸ்பார்க் இல்லை அல்லது பெட்ரோல் மிகை.

கிளம்பியதும் இரண்டு மூன்று நிமிடத்தில் அணைத்து, முழுக்க ஆறவிட்டு, மறுபடி ஐந்து நிமிடம். ஹெட்டைக் கழற்றியிருந்தால் மறுநாள் குளிர்ந்த நிலையில் ஹெட் நட்டுகளை அதே டார்க்கில், எதிரெதிர் மூலையாக ஒரு தடவை சரிபார்த்து, அதன் பிறகு டேப்பெட் (வால்வு இடைவெளி) வையுங்கள். வரிசை முக்கியம், ஹெட் அமர்ந்தால் டேப்பெட் இடைவெளி மாறும். கம்ப்ரஷனைக் கேஜ் வைத்து அளப்பதும் இதற்குப் பிறகுதான். சிக்கியிருந்த ரிங்குகள் சில தடவை சூடாகி ஆறிய பின்னரே விரிந்து அமரும், முதல் நாள் எண்ணைப் பார்த்துப் போரிங் போட ஓட வேண்டாம். அப்போதும் குறைவாகவே இருந்தால் பிளக் துளையில் 5 மில்லி ஆயில் விட்டு மறுபடி அளங்கள். ஏறினால் ரிங்கும் போரும், ஏறாவிட்டால் வால்வோ ஹெட் கேஸ்கெட்டோ. ஆயிலை 100 கிலோமீட்டரில் ஒரு தடவை, 500-இல் மறு தடவை வடித்து, இரண்டு தடவையும் அந்த ஸ்ட்ரெய்னர் வலையை வெள்ளைத் துணியில் தட்டிப் பாருங்கள்.